உயர்நிலை வகுப்புக்கு வரலாறும் இலக்கியமும்: மலேசியத் தமிழ்க் கிறிஸ்தவ வீட்டுவழிக் கல்விக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கணக்கை எந்த நாட்டுப் புத்தகத்தில் படித்தாலும் பெரிய கேடில்லை. முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 பாகை என்பது டெக்சஸிலும் பட்டர்வொர்த்திலும் ஒன்றுதான். வரலாற்றையும் இலக்கியத்தையும் அப்படி விட்டுவிட முடியாது. எழுதியவர் எந்த நாட்டிலிருந்து எழுதினார், எந்தச் சபையைச் சேர்ந்தவர், யாரை நாயகனாக்கினார், யாரை ஒரு வரியில் தள்ளிவிட்டார் என்பதெல்லாம் பக்கத்துக்குப் பக்கம் தெரியும். பிள்ளைக்குப் பதினான்கு, பதினைந்து வயதாகும்போது வீட்டில் பாடம் நடத்தும் பெற்றோர் அதிகம் திணறுவது இந்த இரண்டு பாடங்களில்தான்.

அமெரிக்கக் கிறிஸ்தவப் பாடத்திட்டங்களின் நடுவில் அமெரிக்கா இருக்கிறது. பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் நடத்தும் உயர்நிலைத் தேர்வான ஐஜிசிஎஸ்இ வரலாற்றின் நடுவில் ஐரோப்பாவும் வல்லரசுகளும் இருக்கின்றன. மலேசிய அரசின் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் வரலாற்றின் நடுவில் மலாய் ஆட்சி மரபும் நாட்டு விடுதலையும். செந்தூலிலோ பிறையிலோ வளரும் தமிழ்க் கிறிஸ்தவப் பிள்ளை மூன்றிலும் ஓரத்தில்தான் நிற்கிறது. அதனால் குறையில்லாத பாடத்திட்டம் ஒன்று எங்கோ இருக்கிறது என்று தேடி அலைவதில் பயனில்லை. ஒன்றை அடிப்படையாக வைத்துக்கொண்டு, விட்டுப்போனதை நாமே எழுதிச் சேர்ப்பது என்று முடிவு செய்துகொண்டு தொடங்குங்கள்.

முதல் படி: சட்டமும் சான்றிதழும்

சபையில் யாராவது "அக்கா, எந்தப் பாடத்திட்டம் நல்லது?" என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "தம்பி எந்தக் கல்லூரி வாசலில் போய் நிற்கப் போகிறான், சொல்லம்மா." அதற்குப் பதில் தெரியாமல் புத்தகம் வாங்குவது வீண் செலவு.

அதற்கும் முன்னால் சட்டம். மலேசியாவில் 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ், அந்த வயதில் வீட்டில் படிப்பிக்க விரும்புவோர் கல்வி அமைச்சரிடம் விலக்குப் பெற வேண்டும். இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தத்தை 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. "ஆறாம் ஆண்டு முடிந்தால் யாரும் கேட்கமாட்டார்கள்" என்று மூத்த குடும்பங்கள் சொல்லும் பழைய ஆலோசனையை இனி நம்பியிருக்க வேண்டாம். மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு நேரில் போங்கள். உங்கள் பிள்ளையின் வயதுக்கு இப்போது என்ன விதி என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். கற்றல் மையத்தில் சேர்த்துவிட்டு அதையே வீட்டுவழிக் கல்வி என்று அழைப்பவர்களும் இந்த விதியை ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

அடுத்தது சான்றிதழ். 2013 முதல் எஸ்பிஎம் சான்றிதழ் கிடைக்க மலாய்மொழியோடு வரலாற்றிலும் தேர்ச்சி பெற்றாக வேண்டும். அரசாங்கப் பல்கலைக்கழகம், ஆசிரியர் பயிற்சி, அரசாங்க வேலை என்று குடும்பத்தில் ஒரு சின்ன எண்ணமாவது இருந்தால், இந்த இரண்டு தாள்களிலிருந்து தப்ப வழியில்லை. தனியார் கல்லூரிகளின் அடிப்படைக் கல்விக்கு (பட்டப்படிப்புக்கு முந்தைய ஃபவுண்டேஷன் வகுப்புக்கு) பொதுவாக எஸ்பிஎம்மில் ஐந்து பாடங்களில் நன்மதிப்போ, ஐஜிசிஎஸ்இயில் ஐந்து பாடங்களில் சி தரமோ கேட்கிறார்கள். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழைச் சில கல்லூரிகள் ஏற்கின்றன, சில ஏற்பதில்லை. துறைக்குத் துறை நிலைமை மாறுகிறது; மருத்துவம், சட்டம் என்றால் இன்னும் கெடுபிடி. பாடத்திட்டம் விற்பவரிடம் இதைக் கேட்காதீர்கள். நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் இரண்டு மூன்று கல்லூரிகளின் சேர்க்கை அலுவலகங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்.

பல குடும்பங்கள் இடைவழி ஒன்றைப் பிடித்திருக்கின்றன. மற்றப் பாடங்களை ஐஜிசிஎஸ்இயிலோ அமெரிக்கப் பாடத்திட்டத்திலோ படிக்க வைத்துவிட்டு, எஸ்பிஎம் மலாய்மொழியையும் வரலாற்றையும் மட்டும் பள்ளி வழியாக அல்லாமல் தனியார் தேர்வாளராக எழுத வைக்கின்றன. என் கருத்தில் நம் பிள்ளைகளுக்கு இதுவே பாதுகாப்பான வழி. கதவு எதையும் பதினைந்து வயதிலேயே அடைத்துவிட வேண்டியதில்லை. தனியார் தேர்வாளருக்கான பதிவு தேர்வுக்குப் பல மாதங்கள் முன்பே முடிந்துவிடும். மாநிலக் கல்வித் துறையில் தேதியைக் கேட்டு, சுவர் நாள்காட்டியில் சிவப்பு மையால் குறித்துவிடுங்கள்.

இரண்டாம் படி: சந்தையில் இருப்பவற்றை இனம் பிரித்தல்

பெயர்களின் பட்டியல் நீளமானது. ஆனால் எல்லாவற்றையும் நான்கு இனத்தில் அடக்கலாம்.

முதல் இனம், சிறு பயிற்சி ஏடுகளை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே போகும் முறை. நம் ஊரில் ஏசிஇ என்று எல்லோருக்கும் தெரிந்த பாடத்திட்டம் இதுதான். 1970-இல் டெக்சஸில் தொடங்கியது. பாடத்துக்கு ஆண்டொன்றுக்குப் பன்னிரண்டு ஏடுகள். ஏட்டின் இறுதித் தேர்வில் 80 விழுக்காடு எடுத்தால்தான் அடுத்த ஏடு. அம்மா அப்பா இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பிள்ளை தானாகவே நகர்ந்துகொள்ள இது உதவும், ஒழுங்கும் வரும். ஆனால் வரலாற்றுக்கும் இலக்கியத்துக்கும் இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். கோடிட்ட இடத்தை நிரப்பப் பழகிய பிள்ளை, "இந்தப் போர் ஏன் மூண்டது? உன் கருத்தைக் காரணத்தோடு எழுது" என்று கேட்டால் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இரண்டாம் இனம், பள்ளிப் பாடநூல் வகை. அபேகா, பிஜேயூ பிரஸ் போன்றவை. கனத்த பாடநூல், ஆசிரியர் நூல், தேர்வுத்தாள், வேண்டுமானால் காணொளிப் பாடம் என எல்லாம் முறையாக இருக்கும். இவை அமெரிக்கப் புராட்டஸ்டண்டு சபைகளின் ஒரு குறிப்பிட்ட பிரிவிலிருந்து வருபவை. அது நூல் முழுதும் தெரியும். கத்தோலிக்கக் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். அவர்களுக்கு செட்டன் போன்ற கத்தோலிக்கத் தொலைநிலைப் பள்ளிகள் தனியே இருக்கின்றன.

மூன்றாம் இனம் வரலாற்றையும் இலக்கியத்தையும் வேதாகமத்தையும் பின்னிக் கொடுப்பது. ஒரு காலத்தைப் படிக்கும்போது அந்தக் காலத்து நாவலும் கவிதையும் கடிதமும் கூடவே வரும். 1990-இல் தொடங்கிய சான்லைட் இவ்வகை. நாட்கிராஸ் நூல்களில் ஓராண்டுப் பாடம் வரலாறு, ஆங்கிலம், வேதாகமம் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து மதிப்பலகு (கிரெடிட்) தருகிறது. டேப்பெஸ்ட்ரி ஆஃப் கிரேஸ் உலக வரலாற்றை நான்கு ஆண்டுச் சுழற்சியில் கொண்டுபோகிறது. வீட்டில் மூன்று பிள்ளைகள் மூன்று வயதில் இருந்தாலும் எல்லோரும் ஒரே காலகட்டத்தைப் படிக்கலாம் என்பது இதன் பெரிய வசதி. வெரிட்டாஸின் ஆம்னிபஸ் பழம்பெரும் நூல்களையே நேராகப் படிக்கச் சொல்கிறது. வாசிப்பில் ஊறிய பிள்ளைக்குத்தான் சரி. பணம் இல்லையே என்பவர்களுக்கு ஆம்பிள்சைடு ஆன்லைன் இருக்கிறது. இலவசம். சார்லட் மேசன் என்ற ஆங்கிலேயக் கல்வியாளரின் முறையைப் பின்பற்றுவது. படித்ததைப் பிள்ளை தன் வாயால் திருப்பிச் சொல்வது அந்த முறையின் உயிர். நம் பாட்டிமார் கதை சொல்லிவிட்டு "இப்போது நீ சொல், பார்ப்போம்" என்பார்களே, அதையே அவர் பாடமுறையாக்கினார்.

நான்காம் இனம் தேர்வுப் பாடத்திட்டங்கள்: எஸ்பிஎம், ஐஜிசிஎஸ்இ. இவற்றில் விசுவாசம் பற்றிய பேச்சு இல்லை, எதிர்ப்பும் இல்லை. ஐஜிசிஎஸ்இ வரலாற்றில் 1919-க்குப் பிந்தைய உலக அரசியலையும், ஜெர்மனி, ரஷ்யா, அமெரிக்கா போன்ற ஒரு நாட்டை ஆழமாகவும் படிப்பது பரவலான தேர்வு. சான்றை வைத்து எடைபோடும் தாள் ஒன்று இதில் உண்டு. ஒரு கேலிச்சித்திரத்தையோ கடிதத்தையோ கொடுத்து, இதை எவ்வளவு நம்பலாம் என்று கேட்பார்கள். எந்தக் கிறிஸ்தவப் பாடத்திட்டத்தை எடுத்தாலும் இந்தப் பயிற்சியைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து தேர்வு எழுதுபவர்கள், பள்ளி ஆசிரியர் திருத்த வேண்டிய ஒப்படைப்புத் தாளுக்குப் பதிலாக எழுத்துத் தேர்வாக நடக்கும் மாற்றுத் தாளை எடுக்க வேண்டியிருக்கும். தேர்வு மையத்தில் பெயர் கொடுக்கும்போதே இதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூன்றாம் படி: மூன்று அத்தியாயச் சோதனை

விளம்பரத்தையும் நட்சத்திர மதிப்பீட்டையும் ஒதுக்கிவிடுங்கள். பெரும்பாலான பதிப்பகங்கள் மாதிரிப் பக்கங்களை இணையத்தில் தருகின்றன. தராவிட்டால் சபையில் யாரிடமாவது இரவல் வாங்குங்கள். மூன்று இடங்களை மட்டும் திறந்து படியுங்கள்.

முதலில் சமயச் சீர்திருத்த காலம். 1517-ஐ எழுதும் பக்கத்தில் எதிர்த்தரப்பும் மனிதர்களாகத் தெரிகிறார்களா? புராட்டஸ்டண்டு நூலில் கத்தோலிக்கர் வெறும் வில்லன்களாக வந்தாலும், கத்தோலிக்க நூலில் லூத்தர் வெறும் கலகக்காரராக வந்தாலும் அந்த ஆசிரியரிடம் மற்ற விஷயங்களிலும் நிதானம் இருக்காது. நம் ஊர்ப் பிள்ளைக்கு இது ஏட்டுப் பிரச்சினை இல்லை. பினாங்கில் தமிழ் மெதடிஸ்டு, லூத்தரன், கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே என்று ஒரே குடும்பத்துக்குள்ளேயே நான்கு சபை இருக்கும்.

இரண்டாவது, காலனியாட்சியும் அடிமைமுறையும். ஐரோப்பியர் கப்பலேறிப் போனதைச் சுவிசேஷம் பரவிய கதையாக மட்டும் சொல்கிறதா, சரக்கையும் துப்பாக்கியையும் கூடவே காட்டுகிறதா என்று பாருங்கள். 1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர் சிலுவையையும் கொண்டுவந்தார்கள். மிளகுக் கணக்கையும் கொண்டுவந்தார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்லத் தெரியாத நூலைக் கையில் வைத்துக்கொண்டு, ரப்பர் தோட்டத்துக்கு வந்த நம் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி என்ன பேச முடியும்?

மூன்றாவது, டிசம்பர் 1941. இது என் சொந்தச் சோதனை. அமெரிக்க நூல் பேர்ல் ஹார்பரில் தொடங்கும். கோத்தா பாரு கடற்கரையில் ஜப்பானியப் படை இறங்கியது அதற்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்தியது. நேர மண்டலக் கணக்கில் இங்கே டிசம்பர் 8, அங்கே டிசம்பர் 7 என்பதால் பின்னால் நடந்ததுபோல் தோன்றுகிறது. நூலில் மலாயா வருகிறதா, வந்தால் எத்தனை வரி என்று பாருங்கள். ஒரு வரிகூட இல்லை என்பதற்காக நூலை வீசிவிட வேண்டாம். அந்த இடத்தை நீங்கள்தான் நிரப்ப வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனையின் நோக்கமே அந்தக் குறிப்புகள்தான்.

பண்டைக்கால வரலாறு பற்றியும் ஒரு சொல். கிறிஸ்தவ நூல்கள் பல படைப்பு, வெள்ளம், பாபேல் என்று தொடங்கி வேதாகமக் காலவரிசையில் பண்டை நாகரிகங்களைப் பொருத்துகின்றன. ஆண்டுகள் மற்ற நூல்களோடு ஒத்துப்போகாது. உங்கள் நிலைப்பாடு எதுவாக இருந்தாலும், தேர்வுத்தாளில் எந்த ஆண்டை எழுத வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும்.

நான்காம் படி: விட்டுப்போனதை எழுதிச் சேர்த்தல்

உழைப்பு அதிகம் கேட்பது இந்தப் படிதான். பலனும் இதில்தான் அதிகம். வாங்கிய பாடத்திட்டத்தின் ஆண்டு அட்டவணையை எடுத்து, பக்கத்தில் ஒரு வெற்றுப் பத்தி வரையுங்கள். ஒவ்வொரு காலகட்டத்துக்கும் எதிரே, "அப்போது இங்கே என்ன? அப்போது தமிழில் என்ன?" என்று இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். சில வரிசைகளை நானே எடுத்துக் கொடுக்கிறேன்.

மத்திய கால ஐரோப்பாவைப் படிக்கும் வாரங்களில், 1025-இல் இராஜேந்திர சோழன் கடாரத்தின் (இன்றைய கெடா) மீது கடற்படை அனுப்பியதைச் சேருங்கள். கெடாவிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கு பினாங்கிலிருந்து ஒரு நாள் பயணம்தான். போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

அச்சுக்கலை என்றதும் எல்லா நூலும் குட்டன்பெர்க்கைச் சொல்லும். 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற கிறிஸ்தவச் சிறுநூல் அச்சானதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சேற்றி முடித்தார். கையில் பிடித்து வாசிக்கும் வேதாகமத்துக்கும் வரலாறு உண்டு என்பது பதினைந்து வயதில் தெரிய வேண்டிய செய்தி.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வரும்போது நமக்கு ஒரு புதையலே இருக்கிறது. 1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடியேற்றினார். 1816-இல் ஆங்கிலிக்கன் குருவான ஹட்சிங்ஸ் பினாங்கு ஃப்ரீ பள்ளியைத் தொடங்கினார். மலேசியத் தமிழ்க் கல்வியின் தொடக்கமும் அந்தப் பள்ளியின் தமிழ் வகுப்பில்தான் என்று கொண்டாடுகிறோம். அதே காலத்தில் மலாக்காவில் முன்ஷி அப்துல்லா. தமிழ், அரபு வேர் கொண்ட முஸ்லிம் எழுத்தாளர். வணிகத்துக்குத் தேவை என்று சிறுவயதில் தமிழும் படித்தவர். மிஷனரிகளுக்கு மலாய் கற்றுக்கொடுத்து, சுவிசேஷங்களை மலாயில் மொழிபெயர்க்கத் துணை நின்றவர். 1849-இல் அச்சான அவருடைய தன்வரலாறான 'ஹிகாயத் அப்துல்லா'வின் சில அத்தியாயங்களை வாசித்தால் மலாய் இலக்கியம், காலனி வரலாறு, மிஷனரி வரலாறு மூன்றும் ஒரே மேசைக்கு வந்துவிடுகின்றன. வேறு சமயத்தவர் ஒருவர் நம் சமயத்தாரை எப்படிப் பார்த்தார் என்று அவர் எழுத்திலேயே படிப்பது, எந்தக் கிறிஸ்தவப் பாடநூலும் தராத பயிற்சி.

இரண்டாம் உலகப்போருக்கு ஒரு வாரப் பாடத்தைக் கிட்ட வைத்துக் காட்டுகிறேன். திங்கள், வாங்கிய பாடநூலின் அத்தியாயம். செவ்வாய், எஸ்பிஎம் நான்காம் படிவ நூலில் உலகப்போரும் ஜப்பானிய ஆட்சியும் வரும் பகுதி. மலாயில் இருப்பதால் மொழிப்பாடமும் ஆயிற்று. புதன், பினாங்கு. டிசம்பர் 11 அன்று ஜார்ஜ்டவுன் மீது குண்டு விழுந்தபோது மக்கள் தெருவில் நின்று விமானங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில நாள்களில் பிரிட்டிஷார் ஐரோப்பியரை மட்டும் இரவோடு இரவாக ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியர் சரவணமுத்து, ஓர் இலங்கைத் தமிழர். வியாழன், ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட சயாம் மரண ரயில். ஏறக்குறைய 415 கிலோமீட்டர் பாதையில் 12,000-க்கு மேற்பட்ட போர்க்கைதிகள் இறந்தார்கள் என்று ஆங்கில நூல்கள் பெயர் பெயராகச் சொல்கின்றன. அதைவிடப் பல மடங்கு இறந்த ஆசியத் தொழிலாளருக்கு, அவர்களில் பெருங்கூட்டமான தோட்டப்புறத் தமிழருக்கு, பெயர்ப்பட்டியல் கிடையாது. இங்கே ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலைத் திறக்க வேண்டும். வெள்ளி, கட்டுரை: "விட்டுவிட்டுப் போனவர்களை மன்னிப்பது என்றால் என்ன?" விசுவாசம் பாடத்துக்குள் வரவேண்டிய இடம் இதுதான். அத்தியாய முடிவில் ஒரு மனப்பாட வசனத்தை ஒட்டிவைப்பதால் அது வந்துவிடாது.

சபையில் எண்பத்தைந்து தாண்டிய பெரியவர்கள் இருந்தால் வியாழக்கிழமை அவர்களைத் தேடிப் போங்கள். சிறுவயதில் மரவள்ளிக்கிழங்கு தின்றது, அப்பா திரும்பி வராதது என்று அவர்கள் சொல்வதைப் பிள்ளை கைப்பேசியில் பதிவு செய்து, எழுத்தில் வடிக்கட்டும். "தாத்தா, பாட்டி எதைக் கண்டு பயந்தார்கள்?" என்று தொடங்கினால் பேச்சு வரும். ஆண்டும் தேதியும் கேட்டால் வாய் மூடிக்கொள்வார்கள்.

ஐந்தாம் படி: இலக்கியத்தை எந்த மொழியில்?

மூன்றிலும் என்பது என் பதில். அளவு மட்டும் வீட்டுக்கு வீடு மாறும்.

ஆங்கிலத்துக்கு இறக்குமதித் தொகுப்பே போதும். ஐஜிசிஎஸ்இ ஆங்கில இலக்கியம் எழுதுவதாக இருந்தால் அந்த ஆண்டுக்குரிய நூல்பட்டியலைப் பார்த்த பிறகே வாங்குங்கள். பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். பழைய மாணவரிடம் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய நாடகம் பட்டியலில் இல்லாமல் போகலாம்.

தமிழுக்கு நம் வீடுகள் பெரும்பாலும் ஒன்றும் ஒதுக்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பாடலும் ஜெபமும் தமிழ், மற்ற ஆறு நாளும் ஆங்கிலம் என்று போய்விடுகிறது. தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியம் ஒரு தனிப் பாடமாக நிற்கும் அளவுக்கு வளமானது என்பது பல பெற்றோருக்கே தெரியாது. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் சூசையப்பரை நாயகனாக்கி 3,615 பாடல்களில் 'தேம்பாவணி' பாடினார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதினார். மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1879-இல் வெளியிட்ட 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல். இன்றும் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே படிப்பார்கள். முதலில் இதைக் கொடுங்கள், காப்பியத்தைக் கொடுத்து மிரட்டாதீர்கள்.

காப்பியத்துக்கு வரும்போது ஓர் எளிய வழி உண்டு. இறக்குமதிப் பட்டியல்கள் பலவற்றில் ஜான் பனியனின் 'பில்கிரிம்ஸ் புரோகிரஸ்' இருக்கும். அதை ஆங்கிலத்தில் முடித்த கையோடு, அதைத் தழுவி எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-இல் வெளியிட்ட 'இரட்சணிய யாத்திரிக'த்திலிருந்து இருபது, முப்பது பாடல்களை எடுங்கள். கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் செய்யுள் பயமுறுத்தாது. ஆங்கில உரைநடையில் மொட்டையாக நின்ற ஒரு நகரம், தமிழில் ஆறும் சோலையுமாக நாட்டுப்படலத்தோடு விரிவதைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும்.

இங்கே ஒரு வாக்குவாதம் வரும். "கம்பரையும் சிலம்பையும் விசுவாசி வீட்டில் ஏன் படிக்க வேண்டும்?" என்று சபையில் சிலர் கேட்பார்கள். கிருஷ்ணபிள்ளையைக் கிறிஸ்தவக் கம்பர் என்கிறோம். கம்பரைத் தெரியாதவனுக்கு அந்தப் பட்டம் வெறும் சத்தம். அவர் பாட்டின் நடை, அணி, சந்தம் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று தெரியாமல் அவரை எப்படி ரசிப்பது? ஜி.யூ. போப் திருக்குறளை ஆங்கிலத்தில் தந்து 1886-இல் வெளியிட்டதால் அவருடைய குருத்துவம் குறைந்துவிடவில்லை. கிரேக்கக் கடவுளர் நிறைந்த ஹோமரை அமெரிக்கத் தொகுப்பில் வந்தால் கேள்வி கேட்காமல் படிக்க வைக்கும் வீடுகள், கண்ணகிக்கு மட்டும் கதவைச் சாத்துவது எனக்குப் புரியாத நியாயம்.

எஸ்பிஎம்மில் தமிழ்மொழி, தமிழ் இலக்கியம் இரண்டும் தனித்தனிப் பாடங்கள். விவிலிய அறிவும் ஒரு பாடம். லூக்கா சுவிசேஷமும் அப்போஸ்தலர் நடபடிகளும் அதன் அடிப்படை. உரோமப் பேரரசைப் படிக்கும் ஆண்டில் அப்போஸ்தலர் நடபடிகளைத் தேர்வுக்கும் சேர்த்துப் படித்துவிட்டால் ஒரே உழைப்பு இரண்டுக்கும் உதவும். பவுலின் பயணங்களை வரைபடத்தில் குறிக்கும் வேலையை எப்படியும் செய்யத்தானே போகிறீர்கள்.

மலாய் இலக்கியத்துக்கு அப்துல்லா போதாதா என்றால், தொடக்கத்துக்குப் போதும்.

ஆறாம் படி: வாங்குவது

முழுப் பெட்டியாக வாங்காதீர்கள். அடிப்படை வரலாற்று நூலும் ஆசிரியர் கையேடும் வாங்குங்கள். கதைப் புத்தகங்களைத் தனித்தனியாகத் தேடுங்கள். தொகுப்பில் வரும் பழைய நாவல்கள் பல காப்புரிமை முடிந்தவை. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். பினாங்கில் சௌராஸ்தா சந்தையின் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. பொறுமையாகக் கிளறினால் பள்ளிப் பதிப்புகள் அகப்படும். கோலாலம்பூர்க்காரர்களுக்கு ஜாலான் துன் ரசாக்கில் தேசிய நூலகம். அமெரிக்காவிலிருந்து வரவழைக்கும்போது புத்தக விலையை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். கப்பல் கூலி, நாணய மாற்று, வரி எல்லாவற்றையும் ரிங்கிட்டில் கூட்டிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரே பொதியாக வரவழைத்தால் கூலி பகிர்ந்துபோகும். ஆசிரியர் கையேட்டைச் சுற்றுக்கு விடலாம். பயிற்சி ஏடுகளை மட்டும் நகலெடுக்காதீர்கள். விசுவாசிகள் நடத்தும் பதிப்பகத்திடமிருந்தே திருடுவது நன்றாக இல்லை.

ஏழாம் படி: நேரமும் ஆவணமும்

அமெரிக்கக் கணக்கில் ஒரு மதிப்பலகு என்பது சுமார் 120 முதல் 180 மணி நேரப் படிப்பு. 36 வாரத்துக்கு வாரம் நான்கைந்து மணி நேரம் ஒதுக்கினால் அது தானாக வந்துவிடும். வரலாறும் இலக்கியமும் பின்னிய பாடமென்றால் இரண்டுக்கும் சேர்த்து வாரம் எட்டு முதல் பத்து மணி. எஸ்பிஎம் வரலாறும் எழுதுவதாக இருந்தால், நான்காம் ஐந்தாம் படிவப் பகுதிக்கு மலாயிலேயே குறிப்பெடுக்கும் பழக்கத்தை ஓராண்டு முன்பே தொடங்குங்கள். உள்ளடக்கம் தெரிந்தும் மலாய்ச் சொல் வராமல் மதிப்பெண் இழக்கும் பிள்ளைகள் உண்டு. முதல் தாள் புறவயக் கேள்விகள், இரண்டாம் தாள் அமைப்புக் கேள்வியும் கட்டுரையும். கட்டுரைக்குத்தான் பயிற்சி வேண்டும். இந்த ஒரு பாடத்துக்கு டியூஷன் ஆசிரியர் வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆவணத்துக்கு ஒரு தடித்த கோப்பு போதும். படித்த நூல்களின் பட்டியல், முடித்த தேதி, மாதத்துக்கு ஒரு திருத்திய கட்டுரை, போய்வந்த இடங்களின் குறிப்பு, தேர்வு மதிப்பெண். கட்டுரையின் முதல் வடிவத்தையும் திருத்திய வடிவத்தையும் சேர்த்தே வையுங்கள். மதிப்பெண் பட்டியலை நீங்களே தயாரித்தீர்கள் என்று கல்லூரியில் சந்தேகப்பட்டால் அந்த இரண்டு தாள்கள்தான் உங்களுக்காகப் பேசும். நீங்கள் கட்டுரை திருத்தத் தயங்கினால், சபையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைப் பிடியுங்கள். மாதம் ஒரு கட்டுரை என்றால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

முதல் பத்து வாரம் முடிந்ததும் ஒரு சனிக்கிழமை பிள்ளையோடு உட்கார்ந்து பாடத்திட்டத்தைப் பரிசீலியுங்கள். பின்தங்கிய வாசிப்பு மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால் நூல்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், காலகட்டத்தைக் குறைக்காதீர்கள். பிள்ளை ஏடுகளை வேகமாக முடித்துவிட்டு ஒன்றும் நினைவில்லை என்றால், எழுத்துத் தேர்வை நிறுத்திவிட்டு வாய்மொழியாகத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அடிப்படை நூலே ஒத்துவரவில்லை என்றால் ஆண்டு முடியும்வரை காத்திருக்காமல் விற்றுவிடுங்கள். கோடு போடாத ஆசிரியர் கையேடு நல்ல விலைக்குப் போகும்.